“சேர்ந்து புலம்பலைன்னா ‘மொதலாளி ஆளு’ன்னு சொல்றாங்க!”

கேள்வி: எனக்கு 28 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் அறையில் ஆறு பேர். காலையில் வந்து சிஸ்டத்தை ஆன் பண்ணுவதற்குள்ளேயே புலம்பல் ஆரம்பித்துவிடும். சின்ன முதலாளி ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கிறார், மாதிரி பீஸ் தைக்கும் சேம்பிள் ரூமில் சொன்ன தேதிக்கு எதுவும் வருவதில்லை, அமெரிக்க வரியைக் காரணம் காட்டி இன்கிரிமென்ட் இல்லை, கேன்டீன் டீ வாயில் வைக்க முடியவில்லை என்று சாயந்தரம் வரை இதேதான். கட்டிங் மேனேஜர் பேசுகிற விதம் சரியில்லை என்று புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னாள். அதையும் இதோடு சேர்த்துப் பேசிச் சிரித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் தொடங்கி வைப்பவர் 14 வருடமாக இங்கே இருக்கும் ஓர் அக்கா. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான் என்பதால் எதுவும் சொல்ல முடியவில்லை. பேசாமல் இருந்தால் ‘மொதலாளி ஆளு’ என்கிறார்கள். சேர்ந்து பேசினால் எனக்கே வெறுத்துப்போகிறது. வீட்டில் இதையே சொல்லிச் சொல்லி, ‘உன் ஆபீஸ் கதையைக் கொஞ்சம் நிறுத்துறியா’ என்கிறார் கணவர். இதற்கென்று தனி வாட்ஸ்அப் குரூப் வேறு, அதில் நானும் இருக்கிறேன். ஹெச்.ஆரிடம் சொல்லலாமா? இல்லை, வேலையையே மாற்றிவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில் (மனநல ஆலோசகர்):

ஹெச்.ஆர். விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சக ஊழியர்கள் புலம்புகிறார்கள் என்பதற்காக அங்கே போகாதீர்கள். ஏற்றுமதி கம்பெனிகளில் ஹெச்.ஆருக்கு முக்கால்வாசி வேலை பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருகைப் பதிவேடு, பையர் (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு கம்பெனி) ஆடிட்டுக்கு ஃபைல் தயார் செய்வது. நீங்கள் போய்ச் சொன்னால் அவரால் செய்ய முடிவது ஒன்றுதான்: கூப்பிட்டு எச்சரிப்பது. யார் சொன்னது என்று அன்று சாயந்தரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போது உங்கள் மேல் வெறும் சந்தேகம்தான் இருக்கிறது. அப்புறம் அது உறுதியாகிவிடும். புலம்பலும் நிற்காது, நீங்கள் உள்ளே வரும்போது மட்டும் நிற்கும்.

ஆனால் அதே ஹெச்.ஆரிடம் போக வேண்டிய விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கலாம். கட்டிங் மேனேஜர் பற்றிய அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘பேசுகிற விதம் சரியில்லை’ என்றால் என்ன? அவர் எல்லாரிடமும் எரிந்து விழுகிறவராக இருக்கலாம். வேறு மாதிரியும் இருக்கலாம். இங்கிருந்து எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. டீ நன்றாயில்லை என்பதும் ஒரு மேனேஜர் பெண்ணிடம் தவறாகப் பேசுகிறார் என்பதும் ஒரே குரலில், ஒரே சிரிப்போடு பேசப்படுகிற அறை அது. ஓயாத புலம்பலில் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது இதுதான். உங்கள் தலைவலியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, “அன்னிக்கு நீ சொன்னியே, என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அது பாலியல் தொனியுள்ள பேச்சு என்றால் அதற்கென்று 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர். வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் இருப்பார். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு அனுமதிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு, நீங்கள் தள்ளிவிடாதீர்கள். இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அறையில் அவள் சொன்னதை ஒருவராவது சிரிக்காமல் கேட்டார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி மற்ற புலம்பலுக்கு வருவோம்.

மெர்ச்சண்டைசர் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பையருக்குத் தேதி சொல்வது இவர்கள். ஆனால் நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்தித் தருவது), பிரிண்டிங், தையல் எதுவும் இவர்கள் கையில் இல்லை. லேப் டிப்பில், அதாவது முதலில் சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துண்டில், ஓகே ஆன கலர், மொத்தத் துணியில் ஒரு பொட்டு மாறி வந்தால் சாயப்பட்டறைக்காரர் “லைட்டாத்தானுங்க வித்தியாசம்” என்பார். பையர் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவர் மெர்ச்சண்டைசர். கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி விமானத்தில் போனால் அந்தச் செலவுக்குத் திட்டு வாங்குவதும் அவரே. பளு நிறைய, அதை நடத்தும் அதிகாரம் கொஞ்சம் என்று இரண்டும் சேர்கிற வேலையில்தான் மனிதர்கள் அதிகம் நொந்துபோகிறார்கள் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-ல் ஸ்வீடன், அமெரிக்க ஊழியர்களின் விவரங்களை வைத்துக் காட்டினார். உங்கள் வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது அது. ஆகவே உங்கள் அறையில் ஆறு பேரும் பிறவிப் புலம்பல்காரர்கள் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் புலம்பித் தீர்ப்பது நல்லதுதானே, மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் லேசாகிவிடுமே என்று கேட்பீர்கள். நாமெல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். கல்லூரி மாணவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம் தட்டி அவர்களுக்குக் கோபமூட்டினார். பிறகு ஒரு பகுதியினர், திட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது, ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்கு. சும்மா இருந்தவர்கள் எவ்வளவோ தேவலாம்.

அதே ஆண்டு அமாண்டா ரோஸ் என்பவர் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்து இன்னொன்று சொன்னார். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்ப இரண்டு பேர் சேர்ந்து அலசுகிற பழக்கம் உள்ளவர்களிடம் நெருக்கமும் கூடுதலாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. அவர் பார்த்தது பிள்ளைகளை. ஆனால் உங்கள் அறையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே சேர்ந்து புலம்புவதுதான் நட்பு. புதிதாக வருகிற ஆள் ‘நம்ம ஆளா’ என்று தெரிந்துகொள்ள அவர்களிடம் இருக்கிற ஒரே சோதனையும் அதுதான். அதனால்தான் நீங்கள் வாயை மூடினால் அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. நீங்கள் விலக நினைப்பது பேச்சிலிருந்து. அவர்கள் கண்ணுக்கு நீங்கள் அவர்களை விட்டே விலகுகிற மாதிரி தெரிகிறது.

ஆகவே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது உங்களுக்கு உதவாது. பேச்சில் சேராமல் ஆட்களோடு சேர வேண்டும். ஒருவர் லீவில் போகும்போது அவருடைய பேக்கிங் லிஸ்டை நீங்கள் முடித்துக் கொடுப்பது, மதியம் சாப்பாட்டை அவர்களோடு பிரித்துச் சாப்பிடுவது, பையரிடமிருந்து ஒருவருக்குக் கடுமையான மெயில் வந்தால் பதில் எழுத உதவுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அங்கே பேசியதில் ஒரு சொல் கூட உங்கள் வழியாக மேலே போகக் கூடாது. இந்த ஒன்றில் நீங்கள் சுத்தமாக இருந்தால் ‘மொதலாளி ஆளு’ என்ற பட்டம் ரொம்ப நாள் ஒட்டாது.

இப்போது அந்த அக்கா. உங்களுக்குள் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படிப் போகும் என்று நினைக்கிறேன்.

“பாரு, அந்த போலோ சேம்பிள் நேத்தே தர்றேன்னாங்க. இன்னும் கட்டிங்கே போடல.”

“மேனேஜர்கிட்ட சொல்லிப் பாக்கலாங்களாக்கா?”

“அதெல்லாம் சொல்லிப் பாத்தாச்சு கண்ணு. நீ வர்றதுக்கு முந்தியே.”

“மெயில் போட்டு வெச்சா?”

“போட்டா மட்டும் என்ன கிழிச்சுருவாங்க?”

நீங்கள் எத்தனை யோசனை சொன்னாலும் அவர் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வருவார். காரணம், அவர் யோசனை கேட்கவே இல்லை. போதாததற்கு நீங்கள் ஒரு வழி சொல்லும்போது, 14 வருடமாக இருப்பவருக்குத் தெரியாத வழி 28 வயதுப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தமாகிறது. அவர் வெட்டத்தானே செய்வார்? ‘பாசிட்டிவா இருங்கக்கா’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆபீஸ்களில் தடை போட வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். கஷ்டப்படுகிறவரிடம் ‘உன் முகத்தை மாற்று’ என்று சொல்வதுதான் அது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “கஷ்டந்தாங்க்கா” என்று சொல்லுங்கள். மனதாரச் சொல்லுங்கள், அது உண்மைதானே. அதோடு உங்கள் கதையைக் கோக்காதீர்கள். அவர் சேம்பிள் ரூமைத் திட்டியதும் நீங்கள் “எனக்கும் போன வாரம் இதே மாதிரி” என்று ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரம் போயிற்று. அந்த அறையில் புலம்பலை நீட்டிக்கொண்டு போவது அக்கா மட்டுமில்லை. தலையாட்டி, கூட ஒன்று சேர்த்துப் போடுகிற ஐந்து பேரும்தான். உங்கள் பங்கைக் குறைக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பிறகு அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். “நெக் ரிப் சுருங்குதுன்னு முன்னாடி ஒரு பிரச்சினை வந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்ப எப்படிங்க்கா சமாளிச்சீங்க?” கேட்டுப் பாருங்கள், குரலே மாறும். எந்த மில் நூல், எந்த காம்பாக்டிங், அன்றைக்கு பையரிடம் என்ன சொல்லி நேரம் வாங்கினார் என்று வரிசையாக வரும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சின்ன முதலாளி வந்த பிறகு அந்த அக்காவிடம் யாரும் எதையும் கேட்பதில்லையோ? பெரியவர் காலத்தில் அவர் சொன்னால் எடுபட்டிருக்கும். இப்போது புது சாஃப்ட்வேர், புது மேனேஜர் என்று அவர் ஓரமாகியிருக்கலாம். மூத்த ஊழியர்களின் தீராத புலம்பலுக்கு அடியில் நான் அடிக்கடி பார்ப்பது, தன் அனுபவத்துக்கு இனி மதிப்பில்லை என்கிற வருத்தம்தான். அந்த அறையில் அவர் சொல்வதை எல்லாரும் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே நேரம், அவர் யாரையாவது திட்டும் நேரம் என்றால் அவர் ஏன் நிறுத்தப்போகிறார்?

அடுத்து, புலம்பலில் இருக்கும் சரக்கைப் பிரிக்க வேண்டும். வரி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூர் முழுக்க ஆர்டர்கள் ஆட்டம் கண்டன, பையர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். அதை உங்கள் அறையிலிருந்து யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் இன்கிரிமென்ட் எப்போது பேசப்படும் என்று மேனேஜரிடம் நேராக ஒரு தேதி கேட்க முடியும். அதை அவரவர் தனியாகத்தான் கேட்க வேண்டும். டீயை விட்டுவிடுங்கள். திட்டுவதற்கு ஒரு டீயாவது இருக்கட்டும்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் கொஞ்சம் தந்திரம் செய்யலாம். நமக்கு ராத்திரி 11 மணி என்றால் நியூயார்க்கில் மதியம் 1 மணி வாக்கில் இருக்கும். அங்கே பையர் உட்கார்ந்து கேட்கிறார், சின்ன முதலாளி அதை அப்படியே உங்களுக்குத் தள்ளிவிடுகிறார். கிளம்பும் முன் எந்த ஸ்டைல் (ஆடை மாடல்) எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கு நாலு வரி அனுப்பிவிட்டால் பாதிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார். மீதிக்குக் காலையில் பதில் போடுங்கள். ஒன்றிரண்டு முறை முகம் சுளிப்பார், பிறகு பழகிக்கொள்வார்.

உருப்படியாகத் தீர்க்கக்கூடியது சேம்பிள் ரூம் என்று எனக்குப் படுகிறது. ஆறு மெர்ச்சண்டைசர்கள், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு சேம்பிள் டெய்லர்கள். ஆறு பேரும் தங்களுடையதுதான் அர்ஜென்ட் என்கிறார்கள். கடைசியாக யார் வந்து சத்தம் போட்டாரோ அவருடைய பீஸ் மெஷினுக்குப் போகிறது. அப்படித்தானே? இங்கே கெட்டவர் யாரும் இல்லை, வரிசை இல்லை, அவ்வளவுதான். கடந்த ஒரு மாதத்தில் தாமதமான நாலைந்து ஸ்டைல்களை எடுங்கள். கொடுத்த தேதி, தருவதாகச் சொன்ன தேதி, வந்த தேதி, அதனால் பையர் அப்ரூவல் எத்தனை நாள் தள்ளிப்போனது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். யார் தப்பு என்று எழுதாதீர்கள். கீழே ஒரே ஒரு கோரிக்கை: தினமும் காலையில் சேம்பிள் இன்சார்ஜோடு பத்து நிமிடம் எல்லாரும் நின்று பேசி, அன்றைய வரிசையை அங்கேயே முடிவு செய்து போர்டில் எழுதிவிட வேண்டும்.

அந்தத் தாளை நீங்கள் மேனேஜரிடம் கொண்டுபோகக் கூடாது. அக்காவிடம் கொண்டுபோங்கள். “இதுல என்ன விட்டுப்போச்சுன்னு பாருங்கக்கா, நீங்க பேசினாத்தான் எடுபடும்” என்று சொல்லுங்கள். முதலில் “ஒண்ணும் நடக்காது கண்ணு” என்பார். தாளை வாங்கிவைத்துக்கொண்டால் போதும். இரண்டு நாள் கழித்து அவரே அதில் ஒரு ஸ்டைலைச் சேர்த்தார் என்றால் வேலை பாதி முடிந்தது. அவர் பேசவே மறுத்துவிட்டால் மற்றவர்களில் இன்னொருவரோடு நீங்கள் போங்கள், ஆனால் ஆறு பேருக்கும் தெரிந்தே போங்கள். அப்போது நீங்கள் யாருடைய ஆள் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இது நடந்துவிட்டால் புலம்பல் நின்றுவிடுமா? நிற்காது. ஒரு வாரம் சேம்பிள் ரூமைத் திட்ட மாட்டார்கள், பிறகு பிரிண்டிங்காரரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று ஒரு முறை பார்த்துவிட்டவர்கள் பேசுகிற விதத்துக்கும், எதுவும் நடக்காது என்று முடிவுகட்டியவர்கள் பேசுகிற விதத்துக்கும் வித்தியாசம் இருக்கும். அது உங்கள் காதுக்கே தெரியும்.

வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள், அதைப் போர் அறிவிப்பாக எடுத்துக்கொள்வார்கள். மியூட்டில் போடுங்கள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லுங்கள். முதலாளியைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் டைப் செய்யாதீர்கள், சிரிக்கிற பொம்மை கூடப் போட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கணவர் விஷயத்தில் நான் அவர் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபீஸில் எட்டு மணி நேரம் கேட்டதை வீட்டில் அவருக்கு ஒருமுறை ஒலிபரப்பினால், அவருக்கு நீங்கள்தானே அந்த அக்கா? அவரிடம் எதையுமே சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல ஆரம்பிக்கும்போதே, “ஒரு விஷயம், யோசனை வேணும்” என்றோ, “யோசனை வேண்டாம், சும்மா கேளு” என்றோ சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே மிச்சமாகும். தூக்கம் வராமல் போவது, காலையில் ஆபீஸ் கேட்டைப் பார்த்தாலே நெஞ்சு படபடப்பது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை வெறும் ஆபீஸ் தொல்லை என்று தள்ளிவிடாமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாக, வேலையை மாற்றுவது. புலம்பலுக்காக மட்டும் மாற்றாதீர்கள். பளுவும் அதிகாரமின்மையும் இதே அளவில் இருந்தால் அடுத்த கம்பெனியிலும் ஓர் அக்காவோ அண்ணனோ உட்கார்ந்திருப்பார், அவர் உங்களுக்கு வேலையும் கற்றுத்தர மாட்டார். சம்பளம் தேதிக்கு வருகிறதா, பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா, இன்னும் கற்றுக்கொள்ள ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் ஓர் ஆறு மாதம் பொறுத்து, சொன்னதைச் செய்து பாருங்கள். கட்டிங் மேனேஜர் விஷயம் நான் பயப்படுகிற மாதிரியே இருந்து, நிர்வாகமும் அதை மூடி மறைத்தால் ஆறு மாதமெல்லாம் வேண்டாம், அன்றிலிருந்தே வேறு இடம் தேடுங்கள்.

தேடும்போது சம்பளத்தோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை சேம்பிள் டெய்லர்கள் இருக்கிறார்கள், வரிசையை யார் முடிவு செய்கிறார்கள்? முடிந்தால் இன்டர்வியூவைச் சாயந்தரம் நாலு மணி வாக்கில் வைக்கச் சொல்லுங்கள். டீ வரும் நேரம் அது. ரிசப்ஷனில் உங்களைக் காக்க வைப்பார்கள், எப்படியும் வைப்பார்கள். உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கால் மணி நேரம் காதில் விழும்.